ஊத்துக்கோட்டை ரோட்டு மாம்பழம், வீட்டில் ஆறு பாட்டில் ஜாம்: ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் வருடம் நாங்கள் 15 கிலோ மாம்பழம் வாங்கி வந்தோம். பெரியபாளையம் தாண்டி ஒரு தோப்பு வாசலில் விலை மலிவாக இருந்தது, காரில் இடம் இருந்தது, அவ்வளவுதான் காரணம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுத்தது. புதன்கிழமை ஈ. பக்கத்து வீடு, மாடி வீடு, தெருமுனை இஸ்திரிக்காரர் என்று எல்லோருக்கும் கொடுத்தும் மூன்று கிலோ அழுகியது. நடுவில் நான் செய்த ஜாமில் இரண்டு பாட்டில் சுடுதண்ணீரில் வெடித்தன.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கணக்கு. வெளியே கிளம்புவதற்கு முன்னால் குண்டானை அளந்து பார்ப்போம். அதில் ஒரே தடவையில் எத்தனை பாட்டில் நிற்குமோ, அத்தனைக்குத்தான் பழம். எங்கள் குண்டானில் ஆறு நிற்கும். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஆறு பாட்டில் கணக்கில்தான் போகும். உங்கள் குண்டான் பெரியதென்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்: குண்டானும் பாட்டிலும்

தனிப் பாத்திரம் தேவையில்லை. ஆழமான இட்லி குண்டான் போதும். பாட்டிலை உள்ளே நிறுத்தினால் அதன் மூடிக்கு மேல் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும், அதற்கு மேலும் கொதித்துத் தளும்ப ஓரிரு அங்குலம் இடம் வேண்டும். அடியில் ஒரு இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போடுங்கள், அல்லது பழைய துண்டை நாலாக மடித்து விரியுங்கள். கண்ணாடி நேராக அடிப்பாகத்தில் உட்கார்ந்தால் உடையும்.

பாட்டில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளி வைப்போம், மிளகாய்த்தூள் வைப்போம், ஆனால் அந்த பிளாஸ்டிக் மூடியில் காற்றுப் புகாத பிடிப்பு வராது. தட்டையான உலோகத் தகடு ஒன்று, அதைப் பிடிக்கும் வளையம் ஒன்று என்று இரண்டு துண்டு மூடி உள்ள மேசன் ஜாடி வாங்குங்கள். ஆன்லைனில் கிடைக்கிறது. வளையத்தை வருடக்கணக்கில் பயன்படுத்தலாம். தகட்டின் ஓரத்தில் உள்ள ரப்பர் பூச்சு ஒரு தடவைக்குத்தான் ஒழுங்காகப் பிடிக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் புதுத் தகடு. 250 மில்லி ஜாடி ஜாமுக்கு, 500 மில்லி பழத்துண்டுக்கு.

இன்னொன்று, சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். இதை மறக்க வேண்டாம், ஏன் என்று பின்னால் வருகிறது.

ஞாயிறு: எங்கே போவது

வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறவர்கள் போல் ஊரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. மூலக்கடை, மாதவரம், செங்குன்றம் தாண்டினால் நமக்கு ஊர் முடிந்துவிடும். காலை ஆறு மணிக்கு முன் கிளம்பினால் லாரிகளுக்கு முன்னால் காரனோடை பாலத்தைக் கடந்துவிடலாம். ஜனப்பன்சத்திரத்தில் இடது பக்கம் திரும்பினால் கன்னிகைப்பேர், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, அப்புறம் ஆந்திர எல்லையைத் தாண்டியதும் சுருட்டப்பள்ளி. போக வர நூறு, நூற்றிப்பத்து கிலோமீட்டர்.

பெரியபாளையத்தம்மனை வடசென்னைக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வேப்பஞ்சேலை வேண்டுதல் இல்லாத தெரு நம் பக்கம் குறைவு. ஒரே எச்சரிக்கை: ஆடி ஞாயிறுகளில் இந்த ரோட்டில் பழம் வாங்கப் போகாதீர்கள். கூட்டத்தில் கார் நிற்கும், வெயிலில் பழம் வேகும். வைகாசியும் ஆனியும்தான் சரியான காலம்.

சுருட்டப்பள்ளியில் சிவன் படுத்திருப்பார். ஆலகால விஷத்தைக் குடித்த களைப்பில் அம்பாள் மடியில் தலை வைத்துப் பள்ளிகொண்டீஸ்வரராக இருக்கிறார். லிங்கத்தை மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளைகள் இங்கே கேள்வி கேட்காமல் இருக்க மாட்டார்கள். பிரதோஷ நாளைத் தவிர்த்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

ஊத்துக்கோட்டைப் பக்கம்தான் கிருஷ்ணா கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1996-ல் முதன்முதலாகத் தண்ணீர் வந்தது. கால்வாய் போய்ச் சேரும் பூண்டி நீர்த்தேக்கம் அதற்கும் மூத்தது, 1944-ல் கட்டி முடித்தார்கள். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே நிற்கிறது, மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. வீட்டில் குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருந்த தலைமுறைக்கு அந்த நீர்ப்பரப்பைப் பார்ப்பதே ஒரு சுற்றுலா. என் அம்மா ஒவ்வொரு முறையும் கரையில் நின்று, "இவ்ளோ தண்ணியா" என்பார். குளிக்க இறங்க வேண்டாம், ஆழம் தெரியாத இடம்.

சாப்பாடு கையில் இருக்கட்டும். புளியோதரை, உருளைக்கிழங்கு, மோர் மிளகாய். தயிர்சாதத்துக்குப் பாலை அதிகம் ஊற்றி, தயிர் குறைவாகப் பிசைந்து எடுத்துப் போனால் மதியம் புளிக்காது.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டாம். மாதவரம் தாவரவியல் பூங்காவில் ஒரு காலை நேரத்தைக் கழித்துவிட்டு வழியில் பழம் வாங்கி வரலாம். மார்கழி, தை என்றால் பழவேற்காடு. பொன்னேரி வழியாகப் போனால் ஏரியில் பூநாரை, டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இரண்டும் பார்க்கலாம். திரும்பும்போது கொய்யா.

பழம் வாங்குவது

திரும்பி வரும்போது வாங்குங்கள். மதிய வெயிலில் மூடிய கார் டிக்கியில் மூன்று மணி நேரம் இருந்த பழம் வீட்டுக்கு வரும்போதே பாதி வெந்திருக்கும். மாலை மூன்றரைக்கு மேல் வாங்கி, வைக்கோல் அல்லது நியூஸ் பேப்பர் விரித்த அட்டைப்பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள்.

உழவர் சந்தையில்தான் வாங்குவேன் என்றால் அது தனிப் பயணம், ஏனென்றால் அங்கே வியாபாரம் விடிகாலையில். 1999-ல் மதுரையில் ஆரம்பித்த திட்டம் அது. அடையாள அட்டை உள்ள விவசாயியே விற்பார், நடுவில் தரகு இல்லை, அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். ஜாமுக்கு உழவர் சந்தையில் ஒரு லாபம் உண்டு: சின்னதாக, அடிபட்டு, ஆனால் நல்ல சுவையோடு இருக்கும் பழத்தைத் தனியாகக் குவித்து வைத்திருப்பார்கள். அடிபட்டது பரவாயில்லை. அழுகல், பூசணம் பிடித்தது வேண்டாம். வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் போடலாம் என்று நினைக்காதீர்கள்.

ஆறு பாட்டிலுக்கு 3 கிலோ. தோப்பு வாசலில் உட்கார்ந்திருக்கும் அக்கா விட மாட்டார்.

"மூணு கிலோவுக்கா இவ்ளோ தூரம் வந்தே? பத்து எடுத்துக்க கண்ணு, விலை குறைச்சுத் தரேன்."

"இல்லக்கா, குண்டான்ல இடமில்ல."

இந்தப் பதிலுக்கு அவரிடம் மறுபேச்சு இருக்காது.

எந்த ரகம் என்றால் என் ஓட்டு ருமானிக்கு. ஆப்பிள் போல உருண்டையாக, மெல்லிய தோலோடு இருக்கும். சாறு அதிகம், கொஞ்சம் புளிப்பும் உண்டு. பங்கனபள்ளி நல்ல நிறம் தரும், ஆனால் சர்க்கரையோடு சேர்ந்தால் வெறும் இனிப்பாகப் போகும். கிளிமூக்கை வீட்டில் யாரும் மதிப்பதில்லை, ஆனால் கிருஷ்ணகிரி, சித்தூர் கூழ் ஆலைகள் அதைத்தான் நம்பியிருக்கின்றன. பாதி பங்கனபள்ளி, பாதி கிளிமூக்கு கலந்து பாருங்கள். இமாம்பசந்தை ஜாம் போடுவது பாவம், அதை அப்படியே சாப்பிடுங்கள்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவுக்கு அளவோடு அனுமதி உண்டு. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக, காம்புப் பக்கம் வாசனையே இல்லாமல், உள்ளே கடினமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். முற்றிய காயாக வாங்கி வைக்கோலில் வைத்தால் மூன்று நான்கு நாளில் பழுக்கும், வியாழன் மாலை ஜாம் போடும் வேலைக்குச் சரியாக இருக்கும்.

எதை அடைக்கலாம், எதை அடைக்கவே கூடாது

வடசென்னைக்குப் பதப்படுத்துவது புதிதில்லை. காசிமேட்டில் மீனை உப்பும் வெயிலும் காக்கின்றன. ஆவக்காயை உப்பும் எண்ணெயும் காக்கின்றன. பாட்டிலில் அடைப்பதில் காவல் மூன்று: பழத்தின் புளிப்பு, கொதிக்கும் சூடு, காற்றுப் புகாத மூடி. பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற சமையல்காரர் பாட்டிலில் உணவை அடைத்து வேகவைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1810-ல் 12,000 பிராங்க் பரிசு வாங்கினார். அது ஏன் கெடாமல் இருந்தது என்று அவருக்கே தெரியாது. நுண்ணுயிரிகளைப் பற்றி லூயி பாஸ்டர் விளக்கியது பல பத்தாண்டுகள் கழித்து.

நமக்குத் தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு உண்மையான ஆபத்து இருக்கிறது. க்ளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரிலும் சாகாது. காற்று இல்லாத மூடிய பாட்டில் அதற்குப் பிடித்த இடம். வளர்ந்தால் அது விடும் நச்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். நிறம், மணம் எதிலும் மாற்றம் தெரியாமலே போகலாம். அதைத் தடுப்பது புளிப்பு மட்டும்தான். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைக்காது.

அன்னாசி, திராட்சை, நெல்லி, மாங்காய் எல்லாம் இந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே நிற்கும். நன்கு பழுத்த மாம்பழம் கோட்டை ஒட்டியே உட்காரும், சில சமயம் தாண்டும். அதனால்தான் சிட்ரிக் அமிலம். வாழை, பப்பாளி, தர்பூசணி, சப்போட்டா, பலா, சீத்தாப்பழம் ஆகியவற்றைக் கொதிநீர் முறையில் அடைக்க வேண்டாம். பலாப்பழம் மீந்துவிட்டால் வெல்லம் போட்டுக் கிளறி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

காய்கறி, சாம்பார், மீன் குழம்பு? கூடவே கூடாது. அதற்கு 116 முதல் 121 டிகிரி வரை போகும் தனிக் கருவி வேண்டும். வீட்டு பிரஷர் குக்கர் அதற்கு மாற்று ஆகாது. என் நாத்தனார் வஞ்சிரம் மீன் குழம்பை மகனுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஊறுகாயாகப் போடுங்கள் அண்ணி, ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள் என்பதுதான் என் பதில்.

மாம்பழ ஜாம்: அடிமுதல் முடிவரை

3 கிலோ பழத்தைக் கழுவி, தோல் சீவி, கொட்டை நீக்கினால் ஒன்றரை கிலோ கூழ் வரும். கொட்டையைச் சப்பும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள், அவர்களுக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி அதுதான். கூழுக்குச் சர்க்கரை 1 கிலோ 100 கிராம். சிட்ரிக் அமிலம் தலைதட்டிய ஒன்றரை டீஸ்பூன், அல்லது ஆறு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. எனக்கு அமிலத்தூள்தான் பிடிக்கும், ஏனென்றால் எலுமிச்சை ஒவ்வொன்றும் ஒரு புளிப்பு. சர்க்கரையைக் குறைத்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். குறைத்தால் இறுகாது, திறந்த பிறகு சீக்கிரம் பூசணம் பிடிக்கும். புளிப்பைக் குறைக்கவே கூடாது.

அகலமான, அடி கனத்த பாத்திரத்தில் கூழைப் பத்து நிமிடம் தனியாகச் சுண்ட விடுங்கள். பிறகு சர்க்கரையும் அமிலமும் சேர்த்து, சர்க்கரை முழுதும் கரையும் வரை சிறு தீ. கரைந்ததும் தீயைக் கூட்டிக் கிளறுங்கள். இந்தக் கட்டத்தில் பிள்ளைகள் சமையலறைக்கு வெளியே. மாம்பழக் கூழ் எரிமலை போலத் தெறிக்கும், பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். நீளமான காம்புள்ள கரண்டி, முழங்கை வரை துணி.

இறுகும் பதம் 105 டிகிரி. வெப்பமானி இல்லையா, ஒரு எவர்சில்வர் தட்டை ஃபிரீசரில் வைத்திருங்கள். ஒரு சொட்டு விட்டு அரை நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். சோதிக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். என் இரண்டாவது முயற்சியில் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அடுப்பில் இருந்தது கமர்கட் ஆகிவிட்டது.

இதற்குள் குண்டானில் தண்ணீர் சூடாக இருக்க வேண்டும், கழுவிய ஜாடிகள் அதற்குள்ளேயே சூடாக இருக்க வேண்டும். முதல் வருடம் வெடித்தது இதனால்தான். குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் ஜாமை ஊற்றினேன், அதைத் தூக்கிக் கொதிநீரில் இறக்கினேன். சூடான ஜாடியில் சூடான ஜாம், சூடான தண்ணீர். ஜாடியை எடுக்கச் சாதாரண இடுக்கி வழுக்கும், அதன் முனையில் நாலு ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஜாமை நிரப்பும்போது விளிம்புக்குக் கீழே கால் அங்குலம் விடுங்கள். மூங்கில் குச்சியை ஓரமாகச் செருகிக் காற்றுக் குமிழை எடுங்கள். விளிம்பைச் சுத்தமான ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு துளி ஜாம் ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. தகட்டை வைத்து, வளையத்தை விரல் நுனியால் திருகி நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். பலம் போட்டு முறுக்கினால் உள்ளே உள்ள காற்று வெளியேற வழி இருக்காது.

குண்டானில் இறக்கி, தண்ணீர் மூடிக்கு மேல் ஒரு அங்குலம் நிற்கிறதா என்று பாருங்கள். மூடி போட்டு, தளதளவென்று கொதி வந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, இந்த நேரம் போதும். ஊட்டியில் இருக்கும் சித்திக்கு இந்தக் குறிப்பை அனுப்பினால் நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள், அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். நம் வீட்டு உப்புத்தண்ணீரில் கொதித்த பாட்டிலில் வெள்ளையாகப் படியும், குண்டானில் ஒரு கரண்டி வினிகர் விட்டால் படியாது.

அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். கிரானைட் மேடையில் நேராக வைக்காதீர்கள், அதன் குளிர்ச்சியில் விரிசல் விடும். மடித்த துண்டின் மேல், ஒன்றுக்கொன்று இடம் விட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு வையுங்கள். கவிழ்க்க வேண்டாம், வளையத்தை மறுபடி முறுக்க வேண்டாம். சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக "டிக்" என்று சத்தம் வரும், மூடி உள்வாங்கும் சத்தம். எங்கள் வீட்டில் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு படுப்பார்கள்.

மறுநாள் மூடியின் நடுவை அழுத்துங்கள். அசையாமல் குழிந்திருந்தால் சரி. மேலும் கீழும் துள்ளினால் பிடிக்கவில்லை, அந்தப் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து முதலில் சாப்பிடுங்கள்.

அன்னாசியும் பன்னீர் திராட்சையும்

அன்னாசி சுலபம். தோலும் கண்ணும் நடுத்தண்டும் நீக்கித் துண்டு போட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ சர்க்கரை கலந்த பாகில் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்க விடுங்கள். 500 மில்லி ஜாடியில் பழமும் பாகுமாக நிரப்பி, மேலே அரை அங்குலம் விட்டு, கொதிநீரில் 15 நிமிடம். ஆறு ஜாடிக்கு நடுத்தரமான பழம் நான்கு.

பன்னீர் திராட்சை கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பெரும்பாலும் வருடம் முழுக்க வருகிறது, 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காம்பு நீக்கி, மூழ்கும் அளவு கொதிநீர் விட்டு, தோல் குழையும் வரை வேகவைத்து வடிகட்டுங்கள். சாற்றை ஒரு நாள் முழுக்க ஃபிரிட்ஜில் அசைக்காமல் வைத்து, அடியில் தங்கியதை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் ஊற்றுங்கள். நான் ஒரு தடவை இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தேன். பாட்டில் அடியில் கண்ணாடித்தூள் மாதிரி மினுமினுத்தது, பயந்துபோய் நான்கு பாட்டிலைக் கொட்டினேன். அது திராட்சையில் இயல்பாக உள்ள டார்டாரிக் அமில உப்பின் படிகம், உடலுக்குக் கெடுதல் இல்லை. சாற்றைச் சர்க்கரையோடு கொதிக்க வைத்து, கால் அங்குலம் விட்டு நிரப்பி, ஐந்து நிமிடம். நேரம் பத்துக்குக் குறைவாக இருப்பதால் வெறும் ஜாடிகளை முன்னதாகப் பத்து நிமிடம் கொதிக்க வைப்பது கட்டாயம்.

வைக்கும் இடம்

குளிர்நாட்டுக் குறிப்புகளில் ஒரு வருடம் என்று எழுதியிருக்கும். கத்திரி வெயிலில் நம் பரண் அடுப்புக்குச் சமம், அங்கே வைத்தால் ஜாம் கறுத்துச் சுவை போகும். கட்டிலுக்கு அடியில், தரையை ஒட்டி, இருட்டில் வையுங்கள். வளையத்தைக் கழற்றிவிட்டால் துரு பிடிக்காது, மூடி தானாகத் தளர்ந்தாலும் உடனே தெரியும். நாங்கள் ஆனியில் போட்டதைத் தீபாவளிக்குள் முடித்துவிடுகிறோம். திறந்ததும் ஃபிரிட்ஜ், ஈரமில்லாத கரண்டி, மூன்று வாரம்.

மூடி உப்பியிருந்தால், திறக்கும்போது நுரை பொங்கினால், நாற்றம் வந்தால், நாக்கில் வைத்துப் பார்க்காமல் பாட்டிலோடு தூக்கி எறியுங்கள்.

ஜாம் கல்லாக இறுகிவிட்டதா, அதற்கு மட்டும் கவலை வேண்டாம். ஜாடியை வெந்நீரில் நிறுத்தி இளக்கி, தேங்காய்த் துருவலோடு கிளறினால் போளிக்கு நல்ல பூரணம். எங்கள் கமர்கட் ஜாம் அப்படித்தான் தீர்ந்தது. பிள்ளைகள் இப்போது அந்தப் போளிக்காகவே கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சச் சொல்கிறார்கள்.